ஏழாவது ஊசி

மார்கழி பிறந்துவிட்டால் அடி அண்ணாமலை ஊர்ப் பெண்களுக்குக் கட்டைவிரல் வீங்கிப் போகும். தைப்பட்டத்துக்கு விதை வேர்க்கடலை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, உடைக்கிற மாதம் அது. எண்ணெய்க்குப் போகிற மல்லாட்டையை மெஷினில் கொட்டி உடைத்துவிடலாம். விதைக்கு அப்படி முடியாது. பருப்பின் சிவப்புத் தோலில் ஒரு கீறல் விழுந்தாலும் மண்ணுக்குள் முளைக்காமல் அழுகிவிடும். அதனால் ஓட்டை லேசாக நனைத்து, ஒவ்வொன்றாக விரலால் நசுக்கித்தான் எடுக்க வேண்டும்.

1993ஆம் வருஷத்து மார்கழியில் தருமன் வீட்டு வேப்பமரத்தடியில் ஐந்தாறு பெண்கள் கோணியை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மணி எட்டாகியும் மலை முழுசாகத் தெரியவில்லை; இடுப்புக்கு மேல் பனி மூடிக் கிடந்தது. தருமனின் மனைவி ராணியம்மாள் நடுவில், அவளுக்குப் பக்கத்தில் மூத்த மகள் சந்திரகலா. எதிரே வெள்ளையம்மாள். புருஷன் செத்து பதினைந்து வருஷமாகக் கிழக்குத் தெருக் கோடியில் நான்கு ஆடுகளோடு ஒண்டியாக இருப்பவள். சுளுக்கு எடுப்பாள், வீறிட்டு அழும் பிள்ளைக்கு வேப்பிலை அடித்துக் கயிறு கட்டுவாள், கூலிக்கும் வருவாள். அவள் வாய் ஓயாது.

"ராணி, மாப்ள வூட்டுக்காரங்க என்னைக்கு வராங்க?"

"வர்ற ஞாயித்துக்கெழம வெள்ளைக்கா. தட்டு மாத்திட்டுப் போறாங்க. தை கடைசில கல்யாணம்."

"கலெக்டர் ஆபீஸ்ல ஜீப்பு ஓட்றவரு. வேங்கிக்கால்ல மாடி வூடு. இனிமே நம்ம சந்திரா வெரலு வீங்கத் தேவையில்ல. ஃபேன் காத்துல ஒக்காந்து நகத்துக்குச் சாயம் பூசிக்குவா."

எல்லாரும் சிரித்தார்கள். சந்திரகலா தலையைத் தூக்கவில்லை. இருபது வயது அவளுக்கு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தார்கள். அந்த வருஷம் இரண்டு கறவை மாடு வாங்கினார்கள், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

"அது செரி, அடுத்த வருஷம் ஒனக்கு யாரு ஒத்தாச?"

"சின்னவ இருக்கறாளே. பத்தாவது எழுதி முடிச்சதும் நிறுத்திடலாம்னு அவங்க நைனா சொல்லிட்டாரு. மாட்டுக்கும் கயனிக்கும் ஆளு வேணுமில்ல?"

சின்னவள் ஆதிலட்சுமி அப்போது நடையில் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. டவுனில் பெண்கள் பள்ளியில் பத்தாவது. வகுப்பில் இரண்டாவது மூன்றாவது என்று வருகிறவள். அவளிடம் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை. ரிப்பனைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அக்கா போனால் தானும் முடிந்தோம் என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில் விளங்கியது. அக்கா போகக் கூடாது.

செய்வினை பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் மதியச் சோற்று நேரத்தில் கேட்ட கதைகள்தாம். வாசலில் பொம்மை கிடந்ததைப் பார்த்துப் பெண் வேண்டாமென்று போன மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஒருத்தி சொல்லியிருந்தாள். வியாழக்கிழமை மாலை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஆதிலட்சுமி பழைய ரவிக்கைத் துணியில் ஒரு சாண் பொம்மை தைத்தாள். உள்ளே தேங்காய் நார். சீப்பில் சிக்கியிருந்த முடியை உருட்டி எடுத்துத் தலையில் வைத்துத் தைத்தாள். குங்குமத்தைக் கரைத்துப் பூசினாள். நோட்டில் தாள் குத்த வைத்திருந்த குண்டூசிகள் ஏழு. ஆறை மார்பிலும் வயிற்றிலும் குத்தினாள். ஏழாவதற்கு இடமில்லாமல் இடது கன்னத்தில் குத்தினாள். கறுப்புத் துணியில் சுற்றி, மாட்டுக் கொட்டகைச் சுவருக்கும் வைக்கோல் போருக்கும் நடுவில் செருகி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து, வருகிறவர்கள் கண்ணில் படும்படி போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சந்திரகலா தன் தட்டில் இருந்த பொரித்த அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்து, "துன்னு. எளைச்சிப் போயிட்ட" என்றாள். சனிக்கிழமை காலையில் எழுந்ததும் கொட்டகைக்குப் போனாள். அதைப் பிரித்துக் கிணற்றில் போட்டுவிடலாம் என்றுதான் போனாள்.

செருகிய இடத்தில் பொம்மை இல்லை.

வைக்கோலை உருவி உருவிப் பார்த்தாள். சாணிக் குழி வரைக்கும் தேடினாள். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். எலி ஊசி குத்திய துணியை எதற்கு இழுக்கும் என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அம்பாசிடர் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை அருள்ராஜ், அவன் அம்மா, இரண்டு பெரியவர்கள். வாசலில் பூசணிப்பூ வைத்த கோலம். காலலம்பச் சொம்பில் தண்ணீர் வைத்து மேலே தட்டு மூடியிருந்தது. அருள்ராஜின் அம்மா குனிந்து சொம்பை எடுத்தாள். சொம்புக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த கறுப்புப் பொட்டலம் சரிந்து அவள் கால் மேலேயே விழுந்து பிரிந்தது.

அந்த அம்மாள் கத்தவில்லை. அதுதான் எல்லாரையும் நடுங்க வைத்தது. பொம்மையைப் பார்த்தாள், ஊசிகளைப் பார்த்தாள், திரும்பி மகனிடம், "வண்டில ஏறுடா" என்றாள்.

"அம்மா, இது யாரோ ஆவாதவங்க பண்ண வேல..." என்று ராணியம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

"ஆவாதவங்க இருக்கற வூட்டுல எங்களுக்கு சம்பந்தம் வேணாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

கார் போன புழுதி அடங்குவதற்குள் தெரு கூடிவிட்டது. ஆதிலட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் செய்ததை வேறொரு கை எடுத்து, வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் வைத்திருக்கிறது. அது மனுஷக் கையாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

*

செவ்வாய்க்கிழமை, தருமனின் தம்பி சக்கரபாணி கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து சுப்பன் என்கிற பூசாரியைக் கூட்டிவந்தான். ஊருக்குள் வருவதற்கு முன்னால் இரண்டு பேரும் கிரிவலப் பாதையில் டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பது ஆதிலட்சுமிக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. சுப்பன் எலுமிச்சம்பழத்தை அறுத்தான், கற்பூரம் கொளுத்தினான், கண்ணை மூடினான்.

"பொம்பள. வூட்டுக்குக் கெழக்கால இருக்கறா. ஒண்டிக்கட்ட. நாலு கால் ஜீவன் வளக்கறா. இந்த வூட்டுச் சோத்தத் துன்னுட்டு இந்த வூட்டுப் பொண்ணு நல்லா பொழைக்கறதப் பாக்க முடியல அவளால."

பேர் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

"சீ, வெள்ளைக்காவா? அவங்க அப்படிப்பட்டவங்க இல்லைங்க" என்றாள் ராணியம்மாள்.

"அண்ணி, அன்னைக்கு ஒக்காந்துகினு தேதி கேட்டாளா இல்லியா?" என்றான் சக்கரபாணி. "ஞாயித்துக்கெழமன்னு சொன்னது நீதான?"

ராணியம்மாள் கற்பூரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ராணியம்மாள் கேழ்வரகுக் கூழைக் குடிக்கும்போது அது வாயின் இடது ஓரத்தில் வழிந்து சேலையில் விழுந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தாள். மறுபடி வழிந்தது. "இன்னாடி இது..." என்று அவள் நிமிர்ந்தபோது முகத்தின் இடது பாதி தொங்கியிருந்தது. இடது கண் மூடவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு கோணல்.

ஆதிலட்சுமி பள்ளிச் சீருடையில், கையில் புத்தகப் பையோடு நின்றாள். ஏழாவது ஊசி எங்கே குத்தியது என்பது அவளுக்குத் தெரியும். அது யார் முடி என்று யோசிக்காமல் எடுத்ததும் தெரியும். அந்த வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே சீப்பு.

சந்திரகலா அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். தருமன் ஒரு நிமிஷம் மனைவியைப் பார்த்தான். பிறகு வெளியே நடந்தான். சக்கரபாணியும் இன்னும் நான்கு பேரும் பின்னால் போனார்கள். தெருவில் கும்பல் சேர்ந்துகொண்டே போயிற்று. ஆதிலட்சுமியும் ஓடினாள்.

வெள்ளையம்மாள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். இழுத்து வந்து தெரு நடுவில் தள்ளினார்கள்.

"பண்ணதை எடுத்துடு. மரியாதையா எடுத்துடு" என்றான் தருமன்.

"இன்னாத்தடா எடுக்கச் சொல்ற? எனக்கு ஒண்ணும் தெரியாதுடா தருமா. ஒம் பொண்ணுங்க ரெண்டும் என் மடில கெடந்து வளந்ததுங்க. அதுங்களுக்குப் போயி நான் செய்வனா?"

"கேட்டா சொல்லுவாளா?" என்றான் சக்கரபாணி. "முன்பல்லத் தட்டணும். பல்லு போச்சின்னா மந்திரம் செல்லாது."

ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒருவர் வாயும் திறக்கவில்லை. வெள்ளையம்மாள் சுற்றிலும் பார்த்தாள். பார்வை ஒவ்வொரு முகமாக வந்து ஆதிலட்சுமி மேல் நின்றது. அவளிடம் ஏதோ கேட்பது போல நின்றது.

"நைனா" என்றாள் ஆதிலட்சுமி.

தருமன் திரும்பினான். கையில் செங்கல் துண்டு இருந்தது. "ஒனக்கு இங்க இன்னா வேல? பஸ்ஸுக்கு நேரமாவுது, போ."

அவள் போனாள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவளால் தாண்ட முடியாமல் போனது இந்த இடத்தைத்தான். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. வாயைப் பொத்தவில்லை. போ என்று ஒரு வார்த்தை சொன்னார்கள், போனாள். பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. எட்டு இருபது பஸ்ஸில் ஏறி, டவுனில் இறங்கி, அரைப்பரீட்சையில் சமூக அறிவியல் எழுதினாள். நூற்றுக்கு எழுபத்தெட்டு வாங்கினாள்.

*

மத்தியானம் ராணியம்மாளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது சந்திரகலாவின் பிடிவாதத்தால்தான். டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லிப் பார்த்தாள், ஊதச் சொல்லிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. மொகத்து நரம்பு வீங்கியிருக்கு. பனில வேலை பாத்தா சில பேருக்கு இந்த மாதிரி வரும். மாத்திரை போடுங்க, தெனமும் கண்ணாடி பாத்து வாயை அசைச்சுப் பயிற்சி பண்ணுங்க. ஒரு மாசத்துல தேறிடும்."

பொங்கலுக்குள்ளேயே முக்கால்வாசி சரியாகிவிட்டது. ஆனால் ஊரில் மாத்திரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "பல்லத் தட்டுனாங்க, மொகம் திரும்பிடுச்சி பாத்தியா?" என்றார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சுப்பன் பூசாரிக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அழைப்பு வந்தது. மூன்று முன்பற்கள் போன வெள்ளையம்மாள் கல் தடுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, குடிசையைப் பூட்டாமலே எங்கோ போய்விட்டாள்.

தை மாதம் விதைப்பு. தருமன் ஏர் ஓட்ட, பின்னால் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு படைச்சாலில் விதை போட்டுக்கொண்டு போனார்கள். ஏர் கழனியின் மறுகோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் கிடைக்கிற இடைவெளியில் ஆதிலட்சுமி சொல்லிவிட்டாள். ஒரு மாசமாக வயிற்றுக்குள் கிடந்தது.

"அக்கா. அந்தப் பொம்மைய நான்தான் தெச்சேன்."

சந்திரகலா குனிந்தபடி விதை போட்டுக்கொண்டே இருந்தாள். "தெரியும்."

"தெரியுமா?"

"அந்த ரவிக்கத் துணி என்னுது. அந்தத் தையலு ஒன்னுது. நூலக் கடிச்சி முடிச்சி போடற பழக்கம் ஒனக்கு மட்டும்தான். வெள்ளிக்கெழம வைக்கோல் உருவப் போனேன், கைல வந்துச்சி."

ஆதிலட்சுமி கையிலிருந்த விதையைப் போடாமல் நிமிர்ந்தாள். "அப்போ... சொம்புகிட்ட..."

"நான்தான் வெச்சேன்."

"ஏன்க்கா?"

"மொத மொத பாக்க வந்தப்ப, வாசல்ல காயப் போட்டிருந்த மல்லாட்ட மேல ஷூ காலோட மிதிச்சிகினு வந்தான் அந்த ஆளு. சுத்திப் போக வழி இருந்துச்சி. அவனுக்குத் தெரியல கூட. எனக்குப் புடிக்கல. நைனாகிட்ட அதப் போயி சொல்ல முடியுமா? மல்லாட்டய மிதிச்சான்னு சொன்னா சிரிப்பாங்க." அவள் நிமிர்ந்தாள். கண் வறண்டிருந்தது. "இன்னொண்ணும் சொல்லிடறேன். மாட்டிக்கினா நீதான் மாட்டுவ, நான் இல்லன்னு நெனச்சிதான் வெச்சேன். அதையும் தெரிஞ்சிக்கோ."

"நான் சனிக்கெழம அதத் தூக்கிப் போடத்தான் போனேன்."

"அப்போ என் பாவம்தான் ஜாஸ்தி. போதுமா?"

"வெள்ளையத்தைய அடிக்கப் போறப்ப நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன்க்கா. பஸ்ஸுக்குப் போயிட்டேன்."

"நானு அம்மாவப் புடிச்சிகினு இருந்தேன். சத்தம் கேட்டுச்சி. நான் அம்மா காதப் பொத்தினேன். என் வாயத் தொறக்கல." ஏர் திரும்பி வந்துகொண்டிருந்தது. சந்திரகலா குரலைத் தாழ்த்தினாள். "யாராண்டயும் சொல்லாத. இப்போ சொன்னா போன பல்லு வருமா? நைனாவ போலீஸ்ல புடிச்சிப்பாங்க. வெத போடு, வரிச தப்புது."

*

மாசி மாதத்தில் ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது, பெரிய கோபுரத்துக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு மெஸ்ஸின் கொல்லைப்புறத்தில் வெள்ளையம்மாளை ஆதிலட்சுமி பார்த்தாள். சாம்பார் அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து முகத்தைத் துடைத்தவள் ஆதிலட்சுமியைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"வெள்ளையத்த."

"இங்க எதுக்கு வந்த? ஒங்க நைனா பாத்தா அதுக்கும் என்னத்தான் சொல்லுவான்." சொற்களோடு காற்றும் கலந்து வந்தது.

ஆதிலட்சுமி நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். பத்தாவது, ரவிக்கைத் துணி, குண்டூசி, சீப்பு, பஸ். சந்திரகலாவின் பேரை மட்டும் சொல்லவில்லை. சொல்லி முடித்தபோது அழுகை வந்துவிட்டது. வெள்ளையம்மாள் அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து கேட்டாள். தேற்றவில்லை.

"அழுது முடிச்சிட்டியா?"

"மன்னிச்சிடுங்க அத்த."

"என்னாண்ட வந்து எதுக்குச் சொல்ற? நான் பண்ணலன்னு எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும். தெரியாதவங்க அங்க அம்பது பேரு இருக்காங்க. அவங்களாண்ட போயிச் சொல்லு." அவள் எழுந்து தேங்காய் நாரைச் சாம்பலில் தொட்டாள். "அன்னைக்கு நீ நைனான்னு கூப்ட்ட. எனக்குக் காதுல வுழுந்துச்சி. இந்தக் கொழந்த ஏதோ சொல்லப் போவுதுன்னு நெனச்சேன். கல்லு வர்ற வரைக்கும் ஒன்னத்தான் பாத்துகினு இருந்தேன்."

ஆதிலட்சுமி பஸ்ஸில் ஏறாமல் நடந்தே ஊருக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை கழனியில் களைவெட்டு. பன்னிரண்டு பெண்கள். மத்தியானம் புங்கமரத்தடியில் களியும் காராமணிக் குழம்பும் பிரித்து வைத்துச் சாப்பிட்டார்கள். தருமனும் சக்கரபாணியும் வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பேச்சுவாக்கில், "அந்த சூனியக்காரி போனப்புறம்தான் ஊரு நிம்மதியா இருக்குது" என்றாள்.

ஆதிலட்சுமி எழுந்து நின்றாள். கையில் களி ஒட்டியிருந்தது.

"வெள்ளையத்த ஒண்ணும் பண்ணல. அந்தப் பொம்மைய தெச்சது நான். பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திடுவீங்கன்னு தெச்சேன். அம்மா தல முடின்னு தெரியாம வெச்சிட்டேன்."

சக்கரபாணி சிரித்தான்.

"பாத்தியாண்ணா? அவ பல்லு போயும் வேல காட்டறா. பொண்ணு புத்தியப் பேதலிக்க வெச்சி இப்படிப் பேச வைக்கறா. சுப்பன உடனே கூப்புடணும்."

"ஆமாண்டி, பொண்ணு கண்ணப் பாரு, ஒரு மாதிரி இருக்குது" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தன் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

ஆதிலட்சுமி மறுபடி சொன்னாள். உரக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர்கள் பின்வாங்கினார்கள். உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அப்போது சந்திரகலா தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ எனக்கும் புத்தி பேதலிச்சிடுச்சி சித்தப்பா. அத எடுத்தாந்து சொம்புக்குப் பின்னால வெச்சது நானு. எனக்கு அந்த மாப்ள புடிக்கல. இவ சின்னப் பொண்ணு, பயந்துகினு திருப்பி எடுக்கப் போயிட்டா. நான் தெரிஞ்சே வெச்சேன். யாரும் என்ன மந்திரிக்கல."

அவள் சொன்ன விதத்தில் சிரிக்க இடமில்லை. ராணியம்மாள் மெதுவாக எழுந்து வந்தாள். இடது கன்னத்தில் இன்னும் ஒரு சின்ன இழுப்பு இருந்தது. சின்னவளை ஒரு அறை அறைந்தாள். பெரியவளை அறையக் கையை ஓங்கி, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் பொறந்தப்ப வெந்நி வெச்சி ஊத்தினது அவதாண்டி" என்று சொல்லி மண்ணை அடித்து அழுதாள்.

பீடி விரலைச் சுட்டும் தருமன் கீழே போடவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வீட்டுப் பக்கம் போகாமல், மலைப்பக்கமாக நடந்து போனான்.

மூன்றாம் நாள் அவன் மகள்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அந்த மெஸ்ஸின் கொல்லைக்குப் போனான். மத்தியானப் பந்தி முடிகிற நேரம். எச்சில் தட்டுகள் வந்து குவிந்துகொண்டிருந்தன.

"வேல நேரம். ஓரமா நில்லுங்க" என்றாள் வெள்ளையம்மாள்.

நின்றார்கள். ஒரு மணி நேரம் நின்றார்கள். கடைசித் தட்டையும் அலம்பிக் கவிழ்த்துவிட்டு அவள் வந்தாள்.

"ராணிக்கு மொகம் தேவலையா?"

அந்த ஒரு கேள்வியில் தருமனின் தோள் இரண்டும் குலுங்கின. சத்தம் வரவில்லை. காலில் விழப் போனான். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"இங்க வுழாத. இங்க யாரு பாத்தாங்க? எங்க அடிச்சியோ அங்க நின்னு சொல்லு. சொல்லிட்டு அப்புறம் வா."

"நீ ஊருக்கு வந்துடு வெள்ளைக்கா. குடிசைய நான் மேஞ்சி தரேன்."

"வரமாட்டேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அம்பது பேரும் எனக்கு மொகம் தெரிஞ்சவங்கடா. தெனம் தெனம் அவங்களப் பாத்துகினு எப்படி இருப்பேன்?"

பங்குனி மாதத்தில் ஊர்க் கூட்டத்தில் தருமன் எழுந்து சொன்னான். "தப்பு நடந்துபோச்சி" என்றான். நான் செய்தேன் என்று சொல்லவில்லை. ஆதிலட்சுமி அதைக் கவனித்தாள். தானும் சந்திலே நின்று வெள்ளையத்தையிடம் சொன்னபோது, 'பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி, போயிட்டேன்' என்றுதான் சொன்னோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது.

அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தவில்லை. மாப்பிள்ளை வீடு போனதால் சந்திரகலா இன்னும் நான்கு வருஷம் வீட்டிலேயே இருந்தாள். மாட்டையும் கழனியையும் அவளே பார்த்துக்கொண்டாள். பிறகு கீழ்பென்னாத்தூரில் ஒரு விவசாயியைத் தானே பார்த்து, பேசி, சரி என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள். ஆதிலட்சுமி பன்னிரண்டாவது முடித்தாள், ஆசிரியர் பயிற்சி முடித்தாள், வேங்கிக்கால் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தப் பொம்மையை எதற்காகத் தைத்தாளோ அது அப்படியே பலித்துவிட்டது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சில நாள் அது நினைவு வரும். எழுதிய வரியைப் பாதியில் விட்டுவிட்டு நிற்பாள். பிள்ளைகள் டீச்சர் டீச்சர் என்பார்கள்.

2002இல் வெள்ளையம்மாளைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஐந்து வருஷம் கெஞ்சிய பிறகு கிழவி ஒத்துக்கொண்டாள். "சோறு மெல்லறதுக்கோசரம்" என்றாள். மூன்று பற்கள் வைத்த தட்டு ஒன்று செய்து பொருத்தினார்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு எழுந்துகொண்டாள்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆதிலட்சுமி அந்தச் சந்துக்குப் போவாள். இரண்டு இட்லி, ஒரு டம்ளர் காப்பி வாங்கிக்கொண்டு போவாள். மெஸ்காரர், "இந்தம்மா இப்போல்லாம் முறுக்குகூடக் கடிக்கறாங்க டீச்சர், சிரிச்சா எவ்ளோ நல்லாருக்கு தெரியுமா" என்று சொல்வார். ஆதிலட்சுமி அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. அவள் தலை சந்து முனையில் தெரிந்ததும் வெள்ளையம்மாள் திரும்பி நின்று, பல்தட்டைக் கழற்றி, தண்ணீர் டம்ளரில் போட்டு, ஓரமாக வைத்துவிடுவாள். பிறகுதான் வாயைத் திறந்து, "வா, ஒக்காரு. ராணி எப்படி இருக்கா?" என்று கேட்பாள்.